அச்சேறுமுன் கோப்புப் பரிசோதனை

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், நூலாசிரியரின் மேசைக்குத் திருத்தத்திற்காக வந்து சேர்ந்த புரூஃப் தாளானது, சில நாட்களுக்குப் பின் ஆயிரம் பிரதிகளை அச்சிடப்போகும் அதே எழுத்துக்களின்மீது மை தடவி எடுக்கப்பட்டதாகவே இருந்தது. ஓட்டத்தின் நடுவே ஓர் எழுத்துப் பெயர்ந்து விழுந்தாலொழிய, அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பக்கத்திற்கும் வாசகன் கையில் விரியும் பக்கத்திற்கும் வேற்றுமை ஏற்பட வழியில்லை. இன்றோ தட்டச்சான மூலம் லே-அவுட் மென்பொருளுக்குள் சென்று பக்கமாகி, பக்கம் பிடிஎஃப் கோப்பாகி, அந்தக் கோப்பு அச்சகத்தில் ரிப் என்னும் மென்பொருளால் அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் போன்ற நுட்பத்தில் உடைக்கப்பட்டு, நான்கு வர்ணங்களுக்கு நான்கு அலுமினியப் பிளேட்டுகளாகப் பதிந்த பிறகே காகிதத்தைத் தொடுகின்றது. ஆசிரியர் பிழை பார்ப்பது பெரும்பாலும் இவற்றுள் முதற்படியில், அச்சாவது கடைசிப்படியில். இடைப்பட்ட ஒவ்வொரு மாற்றத்திலும் எழுத்தும் படமும் வர்ணமும் அவர் அறியாமலே வேறாகிவிடக் கூடுமாதலால், அச்சுக்கு அனுப்புமுன் எதைப் பரிசோதிப்பது என்னும் கேள்வியைவிட, எந்தப் படியில் நின்று பரிசோதிப்பது என்னும் கேள்வியே முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். தமிழில் அச்சிடுவோருக்கு அது இரட்டிப்பு முக்கியம்; காரணத்தைப் பின்னால் விரிக்கிறேன்.

1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான நாள் தொட்டு நானூறு ஆண்டுகள் எழுத்துக்களைக் கையால் கோக்கும் முறையே நடந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியைச் சென்னையில் பதிப்பித்து முடித்த உ.வே. சாமிநாதையரைப் போன்றவர்கள் புரூஃபுக்குச் செலவிட்ட காலமும் கண்ணொளியும் சாமானியமல்ல. அவ்வளவு பார்த்தும் தப்பிய பிழைகளை அக்காலத்துப் பதிப்பாசிரியர்கள் மறைத்ததில்லை. நூலின் கடைசியில் பிழையும் திருத்தமும் என்று ஒரு பக்கம் சேர்த்து, பக்க எண்ணும் வரி எண்ணும் கொடுத்து வாசகரிடம் ஒப்புக்கொண்டார்கள். இப்போது வெளிவரும் புத்தகங்களில் அந்தப் பக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிழைகள் மறைந்ததால் அல்ல என்பதை வாங்கிப் படிக்கிறவர்கள் அறிவார்கள்.

மேஜைப் பதிப்பு, அதாவது நம் ஊரில் டிடிபி என்று வழங்குவது, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கரும் 1980-களின் நடுவில் வந்ததோடு பிறந்தது. அப்போது அச்சகத்துக்குப் போனது வேலைக்கோப்பு. அதனோடு எழுத்துருவையும் படங்களையும் தனித்தனியே கட்டிக் கொடுக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் அங்கே பக்கம் சிதையும். 1993-இல் அறிமுகமான பிடிஎஃப், எழுத்துருவையும் படத்தையும் தன்னுள்ளேயே பொதிந்து கொண்டதனால் இந்தச் சிரமத்தின் பெரும்பகுதி நீங்கியது. எனினும் பிடிஎஃப் என்ற பெயர் தாங்கியதெல்லாம் அச்சுக்குத் தகுதியானதல்ல என்று அநுபவம் காட்டியபடியால், அச்சுக்குரிய நிபந்தனைகளை மட்டும் தொகுத்து பிடிஎஃப்/எக்ஸ் என்னும் சர்வதேசப் பிரமாணம் வகுக்கப்பட்டது. 2001-இல் வந்த எக்ஸ்-1ஏ, எழுத்துருக்கள் பொதியப்பட்டே இருக்க வேண்டும், திரைக்குரிய ஆர்ஜிபி வர்ணம் கூடாது, ஒளி ஊடுருவும் நிழல்கள் கூடாது, வெட்டும் அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கண்டிப்பாக விதித்தது. 2008-இல் வந்த எக்ஸ்-4 நிழல்களையும் வர்ண விவரக் குறிப்புகளோடு கூடிய ஆர்ஜிபியையும் அனுமதித்தது. நம் அச்சகங்களில் பழைய ரிப் வைத்திருப்போர் இன்னும் முதலாவதையே கேட்கிறார்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் அமைப்பிலேயே கோப்பை எழுதுவது உத்தமம்.

இனித் தமிழ் எழுத்தின் விஷயம். ஆங்கிலத்தில் எழுத்துரு பொதியப்பட்டிருந்தால் எழுத்து சரி என்று கொள்ளலாம். தமிழில் அவ்வாறு கொள்ள முடியாது. நம் டிடிபி நிலையங்கள் நெடுங்காலம் பழகியது, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் புகுத்திய எழுத்துருக்களோடு. ஸ்ரீலிபி ஒருவகை, வானவில் ஒருவகை, இலங்கையில் பாமினி ஒருவகை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசை. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை அங்கீகரித்தும், 2010-இல் யூனிகோடை ஏற்றும், பழைய கோப்புகள் பழைய வரிசையிலேயே கிடக்கின்றன. பாமினியில் அம்மா என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்று ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். இது கண்ணைக் குத்தும் பிழையாதலால் தப்புவதில்லை. தப்புகிற பிழைகள் வேறு. ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஓசைப்படாமல் நுழைபவை அவை.

அவற்றுள் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறிக்குத் தனி எழுத்து இல்லை. ஒற்றைக்கொம்பை முன்னும் ளகரத்தைப் பின்னும் அடித்து, நடுவில் மெய்யை வைத்து, கண்ணுக்கு ஔகாரம்போலத் தோன்றச் செய்தார்கள். அந்த மூலத்தை யூனிகோடுக்கு மாற்றும் கருவி, ளகரத்தை ளகரமாகவே எடுத்துக்கொள்ளுமானால், கௌரவம் கெளரவம் ஆகிறது, சௌகரியம் செளகரியம் ஆகிறது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றம். அச்சில் சில எழுத்துருக்களில் இடைவெளி சிறிது அகன்று தெரியும். அகராதியிலோ பெயரடைவிலோ அகரவரிசைப்படுத்தும்போது சொல் வேறெங்கோ போய் ஒளிந்துகொள்ளும். எதிர்ப்பக்கம், எல்லாக் கெள-வையும் கௌ ஆக்கிவிடும் கருவியிடம் கெளிறு என்னும் மீன் அகப்பட்டால் கௌிறு என்ற விநோதப் பிராணியாகித் துடிக்கும். இதைப் போன்றதே ரகரத்தின் கதையும். பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ரி, ர் என்பவற்றுக்கு ரகரத்தின் கீழ்க்கோட்டை விட்டுவிட்டு, துணைக்காலின்மேலேயே விசிறியையும் புள்ளியையும் ஏற்றுவது வழக்கம். அதே விரல்கள் யூனிகோடில் அடிக்கும்போதும் துணைக்காலையே தேடிப் போகின்றன. ஓர் எழுத்துருவில் ரி என்று தோன்றுவது, எழுத்துருவை மாற்றிய கணத்தில் புள்ளிவட்டம் ஒன்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சிதறி நிற்கும். அட்டைக்கு அழகான வேறு எழுத்துரு வேண்டுமென்று கடைசி நேரத்தில் மாற்றும் வடிவமைப்பாளர், பத்து முறை பிழை பார்த்த தலைப்பில் பதினோராவது பிழையைப் பிறப்பிப்பது இப்படித்தான்.

இதனினும் பெரிய ஆபத்து, யூனிகோடு மூலத்தைச் சேர்த்தெழுதத் தெரியாத மென்பொருளில் இடுவது. யூனிகோடில் கெ என்பது ககரத்தை முதலிலும் கொம்பை அடுத்தும் வைத்துச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னுக்கு இழுத்து வைப்பது மென்பொருளின் கடமை. லே-அவுட் மென்பொருளான இன்டிசைனில் அதற்கென உள்ள வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இழுபடாமல் ககரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். ஒரு பத்தியில் தேர்ந்தெடுத்து அடுத்த பத்தியில் விட்டுவிடுவதும் உண்டு. படக்குறிப்பு, அடிக்குறிப்பு, பக்கத் தலைப்பு ஆகிய சிறு பத்திகளே இதற்கு அடிக்கடி இரையாகின்றன. வரி முறிவும் இவ்வாறே. புள்ளிபெற்ற மெய்யெழுத்து வரியின் முதலில் வரலாகாது என்பது தமிழ் அச்சுக்கலையின் பழைய நெறி. ஈயம் கோத்தவர் அதைக் கையால் அறிந்திருந்தார். தமிழ் அறியாத அமைப்பில் விட்டுவைத்த மென்பொருளோ, குறுகிய பத்தியில் அவர்கள் என்பதை முதல்வரியில் அவ என்றும் அடுத்த வரியில் ர்கள் என்றும் கூசாமல் பிளக்கும்.

இங்கே இயந்திரப் பரிசோதனையின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். 2008-இல் வந்த சிஎஸ்4 பதிப்பிலிருந்து இன்டிசைன் தானாகவே கோப்பைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தின் அடியில் பச்சைப் பொட்டு எரிந்தால் குற்றமில்லை, சிவப்பு எரிந்தால் குற்றமுண்டு. அக்ரோபாட்டிலும் பிட்ஸ்டாப் போன்ற துணைக்கருவிகளிலும் இதைவிடக் கண்டிப்பான பரிசோதனைகள் உள்ளன. காணாமற்போன படம், பொதியப்படாத எழுத்துரு, ஆர்ஜிபி வர்ணம், போதாத துல்லியம், பெட்டிக்குள் அடங்காமல் மறைந்துகிடக்கும் கடைசி வரி ஆகியவற்றை அவை ஒரு நொடியில் கண்டு சொல்லும். மனிதன் அந்தக் காரியத்தில் அவற்றோடு போட்டியிடுவது வீண். ஆனால் இடம் தவறிய கொம்பும், பிளவுண்ட மெய்யும், ளகரமான ஔகாரமும் அவற்றின் கணக்கில் குற்றமே அல்ல. பொதியப்பட்ட எழுத்துருவில் உள்ள எழுத்துத்தானே, இருக்க வேண்டிய பெட்டிக்குள்தானே இருக்கிறது? பச்சைப் பொட்டு எரிகிறது. தமிழ் உடைந்து கிடக்கிறது. ஆகவே தமிழ்ப் பிரசுரங்களைப் பொறுத்தமட்டில், மூலத்தை வேர்டில் பிழை திருத்திவிட்டோம் என்ற திருப்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், அச்சகத்துக்குப் போகும் அதே பிடிஎஃபை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாகப் படிப்பதைத் தவிர வேறு மார்க்கம் எனக்குத் தெரியவில்லை.

வர்ணத்துக்கு வருவோம். திரை ஒளியால் வர்ணம் காட்டுகிறது, காகிதம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மின்னும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும் காகிதத்தில் மங்குவதும், அடர்நீலம் கத்தரிப்பூ நிறத்தை நோக்கிச் சாய்வதும் இதனால். இவையெல்லாம் பலரும் அறிந்ததே. குறைவாக அறியப்பட்டது கறுப்பின் விஷயம். திரையின் கறுப்பை ஃபோட்டோஷாப்பின் பழகிய அமைப்பில் அச்சு வர்ணத்துக்கு மாற்றினால் நீலம் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மைகளும் சேர்ந்து 300 சதவீத மை ஆகின்றது. பெரிய படத்தில் இது பாதகமில்லை. சிறிய எழுத்தில், நான்கு பிளேட்டுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பதிந்தாக வேண்டும். பிசகினால் ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு வர்ண நிழல். ஏழு பாயிண்ட் எழுத்தில் மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளியின் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். பிளேட் அதில் பாதி விலகினாலும் புள்ளி இரண்டாகிவிடும். அதையே தலைகீழாகச் செய்து, கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக விட்டால் நிலைமை இன்னும் மோசம்: சுற்றியுள்ள மை பரவிப் புள்ளியை அடைத்துவிட, அக்கா அககா ஆகிறாள். கல்யாணப் பத்திரிகைகளிலும் மருந்துப் பெட்டிகளிலும் இதைத் தினமும் காணலாம். உடல் எழுத்துக்குக் கறுப்பு மை ஒன்று மட்டும், அதுவும் பின்னணியின்மேல் படிந்து அச்சாகுமாறு. வெள்ளை எழுத்தாயின் எட்டுப் பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த வடிவில். அக்ரோபாட்டில் ஒவ்வொரு வர்ணப் பிளேட்டையும் தனியே அணைத்துப் பார்க்கும் வசதி உண்டு. கறுப்பை அணைத்தவுடன் உடல் எழுத்து முழுவதும் மறைந்துவிட வேண்டும், நிழலாகவேனும் எஞ்சினால் கோப்பு திரும்ப வேண்டும். படிந்து அச்சாகும் கட்டளை வெள்ளை எழுத்துக்குத் தவறிப்போய் இடப்பட்டிருந்தால், திரையில் தெரிந்த எழுத்து அச்சில் அடியோடு காணாமற்போகும் என்பதும் இதே பரிசோதனையில் வெளிப்படும்.

படங்களைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது ஆர்ட் காகிதத்துக்கான விதி. செய்தித்தாள் காகிதத்துக்கு 200 போதும். கோட்டுச் சித்திரத்துக்கும் ஸ்கேன் செய்த எழுத்துக்கும் 1200 வேண்டும். நடைமுறையில் நேரும் விபத்து எல்லாம் வாட்ஸப்பில் வந்த புகைப்படத்தால் நேர்வது. அந்தச் செயலி சாதாரணமாகப் படத்தின் நீண்ட பக்கத்தை ஏறக்குறைய 1600 புள்ளிக்குச் சுருக்கிவிடுகிறது. அப்படம் ஐந்தேகால் அங்குலம்வரை தாங்கும், அதையே முழுப்பக்கப் போஸ்டராக விரித்தால் முகம் பழுதாகும்.

காகிதத்தை வெட்டுவதும் மடிப்பதும் தைப்பதும் கோப்பில் தெரியாத காரியங்களாதலால், அவற்றின் பிழைகள் புத்தகம் கட்டி வந்தபிறகே தெரியும். விளிம்புவரை செல்லும் வர்ணத்துக்கு வெட்டுக்கோட்டுக்கு அப்பால் 3 மில்லிமீட்டர் மிகுதி விட வேண்டும் என்பதை யாவரும் அறிவார்கள். உள்ளே எவ்வளவு ஒதுங்க வேண்டும் என்பதை மறக்கிறார்கள். ஆடிப்பெருக்கையொட்டி அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்களை வெளியிடும் சிவகாசியின் காலண்டர் தொழிலில், மேலே தகரப்பட்டை அடிக்கும் இடத்தைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பால் கடையின் பெயர் பாதி தகரத்துக்குள் புகுந்துகொள்வதுண்டு. புத்தகத்திலோ முதுகின் அகலமே தீராத வழக்கு. டெமி அளவில் இருநூறு பக்கம் என்றால் நூறு தாள். தாளின் கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் முதுகு ஒரு சென்டிமீட்டர். வடிவமைப்பாளர் இதைக் கணக்கிட்டு அட்டை தயாரித்து அனுப்பிய பின், விலை ஏறியதென்று பதிப்பாளர் மெல்லிய வேறு காகிதத்துக்கு மாறுவார். அதை அட்டை செய்தவரிடம் ஒருவரும் சொல்லமாட்டார்கள். முதுகிலே இருக்க வேண்டிய தலைப்பு ஒரு பக்கமாகச் சரிந்து முன்னட்டையை எட்டிப்பார்க்கும். பக்கங்கள் பதினாறின் அல்லது எட்டின் மடங்காக உள்ளனவா என்று பார்ப்பதும் இங்கே அடங்கும். ஒரே ஒரு பக்கம் மிகுந்தால்கூட அதற்கெனத் தனியே ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) ஓட்டும் செலவு, அல்லது நூலின் கடைசியில் அசட்டுத்தனமாகச் சில வெற்றுப்பக்கங்கள்.

சட்டம் சம்பந்தப்பட்ட இரண்டொரு குறிப்புகளும் உண்டு. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகைகளோடு நின்று புத்தகங்களை விட்டுவிட்டது. தேர்தல் சுவரொட்டிக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் மட்டும் விலக்கில்லை: 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி, அச்சிட்டவர் பெயரும் முகவரியும் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாது அச்சிட்டால் ஆறு மாதம்வரை சிறையோ, 2000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அந்தச் சிறு வரியே வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அழகைக் கெடுக்கும் வரியாகத் தோன்றி அடிக்கடி நீங்குவது. புத்தகத்தின் பின்னட்டைப் பார்கோடும் இவ்வாறே அழகுக்குப் பலியாவது. சிவப்புக் கோடுகளாக அதை மாற்றிவிட்டால், சிவப்பொளியால் படிக்கும் கருவிக்கு அது வெறும் வெள்ளைத்தாள்.

நம் டிடிபி வழக்கில் இவ்வளவுக்கும் ஒரே சர்வரோக நிவாரணியாகக் கொள்ளப்படுவது கர்வ் போடுவது. கோரல்டிராவில் எழுத்துக்களையெல்லாம் வெறும் கோடுகளாக மாற்றி அனுப்பிவிட்டால் எழுத்துரு காணாமற்போகும் பேச்சுக்கே இடமில்லை. அச்சகத்தாரும் கர்வ் போட்டாச்சா என்பதைத்தான் முதற்கேள்வியாகக் கேட்கிறார்கள். ஒற்றைப் பக்கப் பத்திரிகைக்கும் சுவரொட்டிக்கும் இது நல்ல உபாயமே. புத்தகத்துக்கு நான் இதை ஆதரிக்கமாட்டேன்: சிறிய எழுத்து சற்றுத் தடித்துப்போகிறது, கோப்பு வீங்குகிறது, எல்லாவற்றிலும் மேலாக, ஒரு பெயரில் ஓரெழுத்துத் தவறென்று கடைசியில் கண்டால் அதைத் திருத்த வழியில்லாமல், பக்கத்து வரியிலிருந்து ஓரெழுத்தை வெட்டி ஒட்டும் சத்திரசிகிச்சை நடக்கிறது.

பொறுப்பு யாருடையது என்பதில் வழக்கு ஓய்வதில்லை. வந்த கோப்பை அப்படியே அச்சிட்டோம் என்பார் அச்சகத்தார். அச்சகத்தார் பார்த்திருக்க வேண்டாமா என்பார் வடிவமைப்பாளர். நான் ஓகே சொன்னது வேறு என்பார் வாடிக்கையாளர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வாடிக்கையாளர் ஓகே சொல்வது இப்போது கைப்பேசியில். சிறிய திரையில், ஒளியூட்டிய வர்ணத்தில், சுருக்கப்பட்ட படமாக அவர் காண்பதற்கும் அச்சாகப் போவதற்கும் சம்பந்தம் சொற்பமே. காரியம் அறிந்த அச்சகங்கள் ரிப் ஆன பின் கிடைக்கும் வடிவத்தையே சாதாரண லேசர் அச்சில் முழு அளவில் எடுத்து, மடித்து, வெட்டி, அதில் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. வர்ணத்துக்கு அது சாட்சியாகாது. எழுத்துக்கும் ஓரத்துக்கும் பக்க வரிசைக்கும் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அந்தத் தாளில் ஒரு திருத்தம் கண்டு கோப்பை மீண்டும் ஏற்றுமதி செய்தால், திருத்திய பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு வரி நகர்ந்ததால் அத்தியாயம் முழுவதும் ஓடி, கடைசிப் பக்கத்தின் இரண்டு வரி பெட்டிக்கு வெளியே விழுந்திருக்கலாம். அந்தப் பாரம் முழுவதையும் மீண்டும் பார்ப்பதே முறை. இதைச் சொன்னால் எல்லாரும் தலையசைக்கிறார்கள். புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எவரும் செய்வதில்லை.

கேட்டபோது கேட்ட பிரதிகளை அச்சிடும் டிஜிட்டல் முறை இந்த அவசரத்துக்குச் சமாதானம் சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஆயிரம் பிரதி ஓட்டினால்தானே பிழைக்கு அஞ்ச வேண்டும், ஐம்பது பிரதிதானே, அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். அடுத்த முறை என்பது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பின் வருகிறது. அதற்குள் வடிவமைப்பாளர் வேறிடம் போயிருப்பார், திருத்தப் பட்டியல் யாருடைய கைப்பேசியிலோ இருக்கும், அச்சகத்தின் சேமிப்பில் இருப்பதோ முதலில் அனுப்பிய கோப்பு. ஐம்பது பிரதி வேண்டும் என்று பதிப்பாளர் தொலைபேசியில் சொன்னதும், அச்சகத்தார் அதே கோப்பைத் திறந்து அச்சிட்டு மறுநாளே அனுப்பிவைக்கிறார்கள்.